கேட்டவர் கையெழுத்து

முப்பது கையெழுத்தும் பொய்.

டீச்சர் அந்த வாசிப்பு நோட்டை மேசைமேல் ஓங்கிப் போட்டார். பள்ளி விட்டு அரை மணி நேரம் ஆகிவிட்டது; நான்கு நாளாகியும் அவருக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

ஐந்தாம் வகுப்புக்கு அவர் வைத்திருந்த விதி ரொம்ப எளிது. ஆளுக்கொரு கதைப்புத்தகம். தினமும் மாலையில் அதில் நான்கு பக்கத்தை வீட்டில் யாருக்காவது சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். கேட்டவர் கதையைப் பற்றி நோட்டில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அம்மாவோ அப்பாவோ அண்ணனோ, யாராக இருந்தாலும் சரி.

முப்பத்தைந்து பிள்ளைகள் ஒழுங்காகச் செய்தார்கள். இந்த ரெட்டைச் சடைக்காரி மட்டும் அவர் காதிலேயே பூச்சுற்றியிருக்கிறாள்.

திங்கட்கிழமைதான் குட்டு வெளிப்பட்டது. அம்மாவுக்கு மாலை நேர வேலை, அப்பா லாரியில் போய் ஒரு மாதமாகிறது, இன்னும் வீட்டுக்கு வரவில்லை என்று ஏதோ பேச்சுவாக்கில் அவளே வகுப்பில் சொன்னாள். நோட்டைப் பிரித்தால் அந்த மாதம் முழுக்க அப்பாவின் கையெழுத்து. எல்லாம் அவளுடைய குண்டு குண்டு எழுத்தில்.

"அப்பாதான் டீச்சர் கேட்டாரு..." என்று ஆரம்பித்தாள்.

டீச்சர் முடிக்க விடவில்லை. பொய்க்கு மேல் பொய்யா என்று பக்கத்து வகுப்புக்கும் கேட்கும்படி கத்தினார். புத்தகத்தையும் நோட்டையும் பிடுங்கி இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். வீட்டிலிருந்து யாராவது வந்தாக வேண்டும் என்றார். வராவிட்டால் வாசிப்புப் பட்டியலில் பெயர் இருக்காது. பெயர் இல்லாவிட்டால் வருடம் முழுக்கப் புத்தகம் கிடையாது.

அவள் அழக்கூட இல்லை. அதுவேறு அவருக்கு எரிச்சலாக இருந்தது.

இப்போது நோட்டை மறுபடி வெளியே எடுத்து அந்த ஒற்றை வரிகளைப் படிக்கப் படிக்க எரிச்சல் கூடியது.

'ஓநாய்மேல் தப்பு இல்லை. அதற்குப் பசி.'

'குதிரை இவ்வளவு தூரம் ஒரே மூச்சில் ஓடாது. நடுவில் எங்கேயாவது நிறுத்தித் தண்ணீர் காட்டியிருப்பார்கள். கதை எழுதியவர் அதை விட்டுவிட்டார்.'

'அண்ணன் கோபப்பட்டது நியாயம். தங்கையிடம் சொல்லாமல் கிளம்பியது நியாயம் இல்லை.'

பத்து வயதுப் பிள்ளைக்கு எழுதியவர்மேலேயே குறை சொல்லும் வாய். எங்கேயோ பார்த்துக் காப்பியடித்திருக்கிறாள். டீச்சர் ஒவ்வொரு வரிக்கும் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டார். கடைசிக் குறி போட்டபோது தாள் கிழிந்தது.

கதவருகே நிழல் தட்டியது.

காக்கிச் சட்டை, தூக்கம் இல்லாமல் சிவந்த கண்கள், கையெல்லாம் வண்டி மசி. பின்னால் ரெட்டைச் சடை. அப்பாவேதான் வந்திருக்கிறார். நல்லதாகப் போயிற்று. பெண்ணின் திருட்டுத்தனத்தை எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று டீச்சர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்தார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அந்த மனிதர் மேசைக்கே வந்துவிட்டார். மேலே கிடந்த நோட்டைப் பார்த்தார். சிவப்புக் குறிகளைப் பார்த்தார். முகம் கறுத்தது.

"நான் சொன்னதுக்கு எதுக்கு டீச்சர் தப்பு போட்டிருக்கீங்க?"

டீச்சர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"குதிர ஓடாதுன்னு நான்தான் சொன்னேன். இருபது வருசமா வண்டி ஓட்டுறேன், எது எவ்வளவு தூரம் நிக்காம ஓடும்னு எனக்குத் தெரியாதா? தெனம் ஆறரைக்கு எங்க இருந்தாலும் வண்டிய ஓரங்கட்டிட்டு போனக் காதுல வச்சுக்குவேன். இவ படிப்பா. முடிஞ்சதும் நான் சொல்லச் சொல்ல எழுதிக்குவா. கையெழுத்தப் போனுக்குள்ளாற நான் எப்படிப் போடுறது? நீதான் போட்டுக்கன்னு சொன்னேன். தப்புன்னா என்னக் கேளுங்க. இவகிட்ட எதுக்குப் புத்தகத்தப் புடுங்கினீங்க?"

ஒரு மாதமாகப் பக்கத்தில் உட்காராமலே ஒரு தகப்பன் கதை கேட்டிருக்கிறார் என்பது டீச்சருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அவரோ மன்னிப்பை எதிர்பார்த்து வந்தவராகத் தெரியவில்லை.

"கதையில அந்த ஆட்டுக்காரப் பையன் தோள்ல குட்டியோட ஆத்துக்கு நடுவுல நிக்கிறான். வெள்ளம் இடுப்புக்கு வந்தாச்சு. அதோட நாலு நாளா நிக்கிறான், டீச்சர். ரோட்டப் பாத்தா அவன்தான் தெரியுறான். இவளும் நானில்லாம அதுக்கு மேல படிச்சிருக்க மாட்டா, அப்படி ஒரு சத்தியம் எங்களுக்குள்ள." மூச்சு வாங்கினார். "சரக்க இறக்கிட்டு நேரா இங்கதான் வரேன். ஒரு மணி நேரத்துல திரும்பக் கெளம்பணும். கரை சேந்தானா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

ரெட்டைச் சடைக்காரி அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

டீச்சருக்கு மறுபடி கோபம் வந்தது. இந்த முறை யார்மேல் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

முப்பத்தாறு பிள்ளைகள், முப்பத்தாறு புத்தகங்கள். நூலகத்திலிருந்து கட்டாக வந்ததைப் பெயர் வாரியாகப் பிரித்துக் கொடுத்தவர் அவர்தான்.

இழுப்பறையைத் திறந்து புத்தகத்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"தெரியாதுங்க" என்றார். "நான் இதுல ஒண்ணக்கூடப் படிச்சதில்ல."