வியாழக்கிழமை நோன்பு

"இன்டைக்கு ஒரு நாள் மட்டும் நோன்ப விடுங்க உம்மா. என்ட வீட்டுல மொதல் சோறு, நீங்க இல்லாம எனக்கு எப்படி எறங்கும்?"

ஆதிப் சமையல் மணக்கும் குசினி வாசலில் நின்று கெஞ்சினான். கலவானையைச் சுற்றியுள்ள சிறு தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து ஏற்றும் நான்கு லொறிகளுக்கு அவன் சொந்தக்காரன். ஒரு சத்தம் போட்டால் டிரைவர்மார் பீடியை அணைத்துவிட்டு ஓடி வருவார்கள். உம்மாவிடம் மட்டும் அந்தச் சத்தம் எடுபடாது.

ஹபீஸா வட்டிலப்பக் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"நான் ஒங்க பக்கத்துல உக்காந்துக்கிறேன் மகன். எறச்சியும் போட்டுத் தாறேன். நோன்ப விட ஏலா."

"பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு ஈக்கவா நான் இந்த வீட்டக் கட்டினேன்?"

புது வீட்டில் குடிபுகும் விருந்து அது. பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில் தேயிலை ஃபெக்டரி பூட்டு, லொறி ஓடாது என்பதால்தான் ஆதிப் அந்த நாளைப் பிடித்தான். உம்மா திங்களும் வியாழனும் நோன்பு வைப்பவள் என்று அவனுக்குத் தெரியாதா என்ன? கலண்டரில் போயாவைப் பார்த்த கண் கிழமையைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மதிய லுஹர் தொழுதுவிட்டு விருந்தாளிகள் ஹாலில் வந்து நிறைந்துவிட்டார்கள். பாய் விரித்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடும் பெரிய சஹன் தட்டங்கள் வைத்தாகிவிட்டது. உள்ளறையில் ஒரு சஹனை ஆதிப் தன் குடும்பத்துக்கென்றே ஒதுக்கியிருந்தான். அவன், மனைவி நுஸ்ஹா, இரண்டு பிள்ளைகள், தங்கச்சி ஸுமைரா, பிறகு உம்மா. உம்மாவுடன் ஒரே தட்டத்தில் கை வைக்க வேண்டும் என்பது அவனுக்கு இந்த வீட்டை விடப் பெரிய ஆசை.

நுஸ்ஹாவும் தன் பங்குக்கு முயன்று பார்த்தாள். "மாமி, ஒங்களுக்குச் சீனி வருத்தம் வேற ஈக்குது. டொக்டர் சொன்னது மறந்து போச்சா?"

"டொக்டர் மருந்துக் குளிசைய மாத்தித்தான் தந்தார் மகள். நோன்ப மாத்தச் சொல்லல்ல."

நுஸ்ஹா சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். ஆதிப் விடுவதாக இல்லை. நேரே ஹாலுக்குப் போய், விருந்துக்கு வந்திருந்த அப்ஹம் மவ்லவியைக் கையோடு அழைத்து வந்தான்.

"ஹஸரத், நீங்களே சொல்லுங்க."

மவ்லவி வாசலுக்கு வெளியே நின்று தொண்டையைக் கனைத்தார். "கடமையில்லாத சுன்னத்தான நோன்பு தானே உம்மா. விருந்துக்காக விட்டா குத்தமில்ல. மகன்ட மனசும் குளுரும்."

"சுன்னத்தான நோன்புன்டா விடலாம். அது எனக்கும் தெரியும் ஹஸரத்."

மவ்லவி அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு ஆதிப்பின் தோளைத் தட்டி, "உம்மாவ வற்புறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

துணைக்கு அழைத்து வந்த ஆளே கட்சி மாறினால் யாருக்குத்தான் கோபம் வராது! ஆதிப்புக்குக் கோபத்தோடு அழுகையும் வந்தது.

"கஷ்டப்பட்ட காலத்துல அல்லாஹ்வ அப்படிப் புடிச்சிக்கிட்டு ஈந்தீங்க, சரி. இப்ப அவன் எல்லாம் தந்தீக்கிறான் தானே உம்மா? இன்னும் என்னத்துக்கு ஒடம்ப வருத்திக்கிறீங்க?"

"தந்ததாலதான் மகன். வேணும்ன்டா ஓடி ஓடிக் கேக்கிறது, கைல வந்தோன்ன தந்தவன மறக்கிறது. அந்தப் புத்தி எனக்கு வேணாம்."

"மறக்கச் சொன்னேனா? நீங்க புடிச்ச நோன்பு போதாதா? வாப்பா மவுத்தாகி, எஹலியகொடைல ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்துல ஒத்த அறைல ஈந்தோமே. இடியப்பம் அவிச்சு தோட்டத்து ஆக்கள்ட லயம் லயமா நடந்து வித்தீங்க. அப்பவும் திங்கள், வியாழன் தவறல்ல. சில கிழமை நாலு நோன்பு, அஞ்சு நோன்பு. எனக்கு எட்டு வயசு, எல்லாம் ஞாபகம் ஈக்குது. எங்க உம்மா மாதிரி ஈமான் உள்ள ஆள் ஒருத்தரும் இல்லன்டு ஸ்கூல்ல பெருமையடிப்பேன். இப்ப என்ட புள்ளைகளுக்கும் அதத்தான் சொல்லிக் குடுத்தீக்கிறேன்!"

ஹபீஸாவின் கை நின்றது. கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அத அவங்களுக்குச் சொல்லாதீங்க."

"ஏன்? நல்ல விஷயம் தானே?"

ஹாலில் சாப்பாட்டைத் தொடங்க பிஸ்மி சொல்லும் சத்தம் கேட்டது. உள்ளறையிலிருந்து பிள்ளைகள், "வாப்பா, பசிக்குது!" என்று கத்தினார்கள். ஹபீஸா எழுந்து குசினிக் கதவைச் சாத்திவிட்டு மகனுக்கு அருகில் வந்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. குரல் மட்டும் கலங்கவில்லை.

"அந்தக் காலத்துல நான் ஒரு சுன்னத் நோன்பும் புடிக்கல்ல மகன். பானைல ஈக்கிறது ஒங்க ரெண்டு பேருக்கும் மட்டும்தான் காணும், நீங்க கேள்வி கேக்காமச் சாப்பிடணும்ன்டு, எனக்கு நோன்புன்டு அல்லாஹ்ட பேரால பொய் சொன்னேன். வயிறாரச் சோறு கெடைக்கிற காலம் வந்தா அத்தனையையும் உண்மையாப் புடிக்கிறேன்டு அவன்ட்ட நேந்துக்கிட்டேன். அதுல ஒன்டுதான் இன்டைக்கு."