ஒரே ஒரு 'வேண்டாம்'

"புதுக் கம்ப்யூட்டர் ஒண்ணுகூட வேண்டாம், இந்தக் கிழவன் ஒருத்தன் போதும்னு ஒரு காலேஜே ஓட்டுப் போட்டிருக்கு, மாப்ளே!"

ஓய்வுபெற்ற கம்ப்யூட்டர் லேப் உதவியாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து அறிவித்தார். இரண்டு வருடம் கழித்து வீட்டுக்கு வந்திருந்த மைத்துனருக்கு டீ மூக்கில் ஏறியது.

"அத்தான், போன தடவை வந்தப்போ இடி விழுந்த மெஷினைத் தடவிக்கொடுத்தே எழுப்பினேன்னு சொன்னீங்க. அதுவே எனக்கு இன்னும் ஜீரணமாகலை."

"அது வேற, இது வேற. லேப்பை மேம்படுத்த செமஸ்டருக்கு செமஸ்டர் தொழில்நுட்பக் கட்டணம்னு பசங்க கட்டுறாங்கல்ல? அதை எதுக்குச் செலவழிக்கிறதுன்னு கட்டினவங்களே ஓட்டுப் போட்டு முடிவு பண்ணுவாங்க. வெளியாளுக்கு ஓட்டு கிடையாது, பிரின்ஸ்பாலுக்கே கிடையாது. இந்தத் தடவை கேள்வி ஒண்ணே ஒண்ணு. பத்துப் புதுக் கம்ப்யூட்டரா, இல்லை, அதே பணத்துல நான் திரும்பி வர்றதா?"

"நீங்க என்ன, கம்ப்யூட்டரா?"

"அதுக்கும் மேல! நான் ரிட்டையர் ஆன மறுநாளே பதினேழாம் நம்பர் மெஷின் சாப்பாடு தண்ணியை விட்டுடுச்சு. வராண்டாவுல என் செருப்புச் சத்தம் கேட்டாத்தான் பிரிண்டர் பேப்பரை மெல்லாம துப்பும். சரிபண்ண வந்த இன்ஜினியருங்க ஏழு பேர். ஒருத்தர் அழுதுட்டே போனார்!"

"அக்கா, இதை நீ நம்புறியா?"

மேசைக்கடியில் இருந்த துணிப்பையைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு அக்கா உதட்டைப் பிதுக்கினாள். "உன் அத்தான் புளுகுறதுக்கெல்லாம் நான் சாட்சியா?"

"ஏய், நீயே இப்படிச் சொன்னா..." என்று ஆரம்பித்தவர், மனைவியின் முறைப்பைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார்.

"சரி, மொத்தம் எத்தனை ஓட்டு?"

"ஆயிரம்!"

"நானூத்திப் பன்னெண்டு" என்றாள் அக்கா சட்டென்று. பிறகு, "அப்படித்தானே நேத்து சொன்னீங்க?" என்று சமாளித்தாள்.

"ஏதோ ஒண்ணு. எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு ஓட்டு, மாப்ளே! ஒரே ஒரு 'வேண்டாம்'! சீட்டுல பேர் எழுதாததால தப்பிச்சான். அவன் யாருன்னு மட்டும் தெரியட்டும், பதினேழாம் நம்பரோட சேர்த்துக் கட்டிப்போடுறேன்! நாளைக்குக் காலைல எட்டு மணிக்குப் போனா, வீடு திரும்ப ராத்திரி எட்டாகும். சட்டைகூடத் தேய்ச்சு மாட்டியாச்சு."

மைத்துனர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இத்தனையிலும் அந்த ஒரு ஓட்டுதான் நம்புற மாதிரி இருக்கு. உங்களை நல்லாத் தெரிஞ்சவங்க யாரோ போட்டிருக்காங்க!"

சிரிப்பு நிற்பதாக இல்லை. பெரியவரின் முகம் மெல்ல வாடிப்போனது. அக்கா அந்த முகத்தைப் பார்த்தாள். கதவில் தொங்கிய சட்டையையும் பார்த்தாள். பெருமூச்சு விட்டபடி குனிந்து துணிப்பையை வெளியே இழுத்து, அதிலிருந்து ஒரு அடையாள அட்டையை எடுத்துத் தம்பியின் முன்னால் வைத்தாள்.

அவளுடைய படம். கீழே, 'முதலாம் ஆண்டு மாணவி'.

"பாஸாகுற வரைக்கும் சொந்தக்காரங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு இவர்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன். இவர் சொன்னது நடந்ததுதாண்டா. கட்டணம் கட்டிட்டு, ஓட்டுப் போட்ட அந்தக் கூட்டத்துல நானும்தான் உட்கார்ந்திருந்தேன்" என்றவள், கணவர் பக்கம் திரும்பாமலேயே தொடர்ந்தாள். "அந்த ஒரு 'வேண்டாம்' என்னோடதுதான். இவரு லேப்பே கதின்னு போயிட்டா, சாயங்காலம் நான் பாடம் ஒப்பிக்கிறதை உட்கார்ந்து கேக்க வீட்டுல யாரு இருக்கா?"