இரட்டைச் சுழி

எல்லையில் துப்பாக்கிச் சூடு தொடங்கியதிலிருந்து எங்கள் ராணுவ முகாமில் ஆள் கூடிவிட்டது. முடி வெட்டுகிற எனக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் இடுப்பு ஒடிந்துவிடும். ஆனாலும் சந்தோஷமான வேலை. முகம் எனக்கு நினைவில் நிற்காது, உச்சந்தலை மறக்காது.

இரட்டைச் சுழிக்காரன் ஒருவன் இருந்தான். "ரெண்டு கல்யாணம்டா தம்பி உனக்கு" என்பேன். "மொத பொண்ணே இன்னும் கிடைக்கலண்ணே" என்று குலுங்கிச் சிரிப்பான். அப்படிச் சிரித்தபோது ஒருமுறை கத்திரி நழுவி, இடது காதைக் கீறிவிட்டேன். போன மாதம் எல்லை வேலியோரம் குண்டு பட்டு இறந்தான். பெட்டியில் வைக்குமுன் அவனுக்குச் சவரம் செய்தவனும் நான்தான்.

இன்று காலை லாரியில் இருபது பேர் வந்து இறங்கினார்கள். எல்லோருக்குமே முகாம் புதிது. முதலில் உட்கார்ந்தவனுக்குத் துண்டைப் போர்த்தித் தலையைக் குனிய வைத்தேன். இரட்டைச் சுழி. பழக்கதோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

"ரெண்டு கல்யாணம்டா தம்பி உனக்கு."

"எத்தனை தடவைண்ணே இதையே சொல்லுவீங்க?" என்று குலுங்கிச் சிரித்தான்.

எனக்கும் சிரிப்பு வந்தது. கத்திரியை எடுத்தேன். அவன் இடது காதை மட்டும் கையால் பொத்திக்கொண்டான்.