இவங்க யாரு?

மூளை நரம்பு டாக்டர் படுக்கையில் கிடந்தவரின் இமையைத் தூக்கி டார்ச் அடித்தார். கண்மணி சுருங்கியது.

பஞ்சு நுனியால் விழியைத் தொட்டார். இமை லேசாகத் துடித்தது. விரல் நகத்தில் பேனாவை வைத்து அழுத்தினார். கை அசையவில்லை.

“மதில் மேல் பூனைம்மா,” என்றார்.

எந்தப் பக்கம் குதிக்கும் என்று கேட்டாள், கால்மாட்டில் நின்றவள்.

டாக்டருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லக் கூச்சப்படுகிறவர் அல்ல அவர்.

கிடந்தவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே இதயம் நின்று சரிந்தார். கூட இருந்தவர்கள் மாறி மாறி நெஞ்சை அமுக்கினார்கள். ஆம்புலன்ஸில் இதயம் திரும்பியது. நினைவு திரும்பவில்லை.

அவருடைய கைபேசியில் ‘வீடு’ என்றிருந்த எண்ணுக்கு நர்ஸ் அழைத்தாள். இவள், வீட்டில் போட்டிருந்த ரப்பர் செருப்போடு ஓடி வந்தாள்.

ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை. மூளை அலைகளோ மெலிந்து கிடந்தன. ஒரு சோதனை நல்லது சொன்னால் இன்னொன்று உதட்டைப் பிதுக்கியது. எழுந்தாலும் பழைய ஆளாக எழுவார் என்று உறுதியில்லை, வேண்டாம் என்றால் மூச்சு இயந்திரத்தை எடுத்துவிடுவது பற்றியும் பேசலாம் என்றார் டாக்டர்.

“இருக்கட்டும் டாக்டர். அவர் எதுக்குமே லேட்டாத்தான் வருவாரு.”

தினமும் வந்தாள். அவருக்கு நகம் வெட்டிவிட்டாள். காதோரம் குனிந்து, அடைத்துக்கொண்ட குழாயைப் பற்றியும் எப்போதோ தொலைந்த குடையைப் பற்றியும் சண்டை போட்டாள். நர்ஸுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அடுத்த வாரம் அவர் கண் திறந்தார். தொண்டைக் குழாயை எடுத்ததும் கரகரவென்று பேசினார்.

டாக்டர் கேள்விகளோடு வந்து உட்கார்ந்தார். பெயர் சரி. தொழில் சரி. ஒரு லிஃப்டுக்கு எத்தனை கதவு என்றதற்கு, எந்த லிஃப்டுக்கு என்று திருப்பிக் கேட்டார். வருஷத்தைக் கேட்டபோது மட்டும் தடுமாறினார். இத்தனை நாள் கிடந்தால் யாருக்கும் வருவதுதான் என்று டாக்டர் விட்டுவிட்டார்.

கடைசியாக அவளைக் காட்டினார். “இவங்க யாரு?”

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார்.

“என் வீட்டுக்காரி.”

டாக்டர் எழுந்தார். முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு.

“இதயம் நின்னு பிழைச்சவங்களுக்கு முதல்ல அடிபடறது ஞாபகம்தான். இவர் தப்பிச்சுட்டாரு. ஏதாவது தப்பாச் சொல்லியிருந்தா நீங்கதான் சொல்லணும்மா. அவர் வாழ்க்கை எனக்குத் தெரியாதில்லையா?”

“எல்லாம் சரிதான் டாக்டர்.”

டாக்டர் அடுத்த படுக்கைக்குப் போனார்.

அவள் போர்வையை அவருடைய மார்புவரை இழுத்துவிட்டாள். பிறகு வராந்தாவுக்கு வந்து, தன் கணவனுக்குப் போன் செய்தாள்.

“முழிச்சுட்டாரு.”

“அப்பாடா. உன்னை அடையாளம் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது. விவாகரத்து ஆனதுதான் தெரியல.”

 அவன் கேட்டான், “டாக்டர்கிட்ட சொல்லிட்டியா?”

“நாளைக்குச் சொல்லிக்கலாம்,” என்றாள். “இன்னிக்கு நான் வரக் கொஞ்சம் நேரமாகும்.”