மருமகள் கண்ணாடி

கோவையில் கிரகப்பிரவேசம். வாசலில் சந்தனம், கற்கண்டோடு ஆளுக்கொரு கண்ணாடியையும் நீட்டினார் ருக்குமணி. மாட்டிக்கொண்டால், அவருடைய ஜார்ஜியா நாட்டு மருமகள் நீனோ பட்டுச்சேலையும் மல்லிகையும் குங்குமமுமாகத் தெரிவாள். அவள் தாலி எங்கே இருக்கிறதோ, அங்கே கண்ணாடி அந்த உருவத்தை வரைந்துவிடும். நீனோவின் சொந்த முகம் உறவில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் எவருக்கும் இல்லை.

"வாயே தொறக்கறதில்ல ருக்கு. எதச் சொன்னாலும் தலையத்தான் ஆட்டுது," என்று வியந்தார் ருக்குமணியின் அக்கா.

"முன்னெல்லாம் எதுக்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுவாளுங்க்கா. ரெண்டு நாளாத்தான் நம்ம வழிக்கு வந்திருக்கா," என்று பூரித்தார் ருக்குமணி.

பெரியவர்கள் வரிசையாக வந்து அட்சதை தூவினார்கள். "பக்கத்துல நின்னாலே குளுகுளுன்னு இருக்குதுங்க," என்று ஒருவர் மெச்சினார்.

அதைக் கேட்டபோதுதான் நீனோவைக் காதலித்துக் கட்டிய நவநீதனுக்குச் சந்தேகம் வந்தது. கண்ணாடியைக் கழற்றினான். கூடத்து மூலையில் ஸ்டாண்ட் ஃபேன் ஒன்று இடமும் வலமுமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தில் அவன் கட்டிய தாலி தொங்கியது.

சுற்றிலும் பார்த்தான். எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள்.

கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான்.