மாட்டுச்சந்தை எல்லாம் இறங்கு!

"மாட்டுச்சந்தை எல்லாம் இறங்கு!"

கண்டக்டர் போட்ட சத்தத்தில் பஸ்ஸே ஒரு தரம் அதிர்ந்தது.

"மாடெல்லாம் இறங்கட்டும்ப்பா, மனுஷங்க உட்காரலாம்" என்று பின்சீட்டிலிருந்து ஒருவன் எடுத்துவிட, ஒரே சிரிப்பு.

பியூட்டி பார்லர்காரி தலையைக் குனிந்துகொண்டு இறங்கினாள். கூட வந்த கல்யாணப் பெண் அதோடு விட்டாளா?

"ஏங்க்கா, எனக்கு மேக்கப் போடப் போறீங்களா, இல்ல லாடம் அடிக்கப் போறீங்களா?"

சுருக்கென்றது. மாமனார் இதே இடத்தில் லாடம் அடித்தவர்தான். அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது. தெரியவும் வேண்டாம்.

ஒரு காலத்தில் இது தனி ஊர். வாரம் ஒரு நாள் சந்தை கூடும். ஊரை நகரம் விழுங்கி இருபது வருஷம் ஆயிற்று. சந்தை நடந்த மேட்டில் இப்போது பத்து மாடிக் கட்டடம், கீழே செல்போன் கடை, பக்கத்திலேயே இவள் பார்லர். புதுப் பேர் வைத்து, நிறுத்தத்தில் நீலப் பலகைகூட மாட்டியாகிவிட்டது. எல்லா கண்டக்டரும் அதைத்தான் சொல்கிறார்கள், இந்த ஒரு மனுஷனைத் தவிர.

"பழைய ஊர்க்காரன் போல. வீம்பு!" என்று வீட்டுக்கு வந்து பொரிந்தாள்.

"விட்டுத் தள்ளு" என்றான் கணவன்.

"உங்களுக்கென்ன, கடை என்னோடது."

புகார் மனு எழுதினாள். பார்லருக்கு வந்தவர்களிடமெல்லாம் கையெழுத்து வாங்கினாள். முகத்தில் க்ரீமோடு படுத்திருந்தவர்கள்கூடத் தப்பவில்லை. நாற்பத்திரண்டு கையெழுத்து. முதல் கையெழுத்து அவளுடையது.

மூன்றாவது வாரம் அந்த கண்டக்டர் வாயிலிருந்து புதுப் பேர் வந்தது. அதுவும் மெதுவாக, பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

ஜெயித்துவிட்டோம் என்று அன்று மதியம் ரசித்துச் சாப்பிட உட்கார்ந்தவள், மாமனார் தட்டு காலியாக இருப்பதைப் பார்த்தாள். மணி இரண்டு. இன்னும் வரவில்லை.

மாமனாருக்கு இரண்டு மூன்று வருஷமாகவே மறதி. காலையில் சாப்பிட்டது மதியம் நினைவிருக்காது. ஆனால் தினமும் பஸ்ஸில் மகள் வீட்டுக்குப் போய் வருவார். அந்த வழியில் போவது அந்த கண்டக்டரின் பஸ் ஒன்றுதான். இங்கே இவள் ஏற்றிவிடுவாள். அங்கே நாத்தனார் ஏற்றிவிடுவாள். அவளுக்குத் தெரிந்து ஒரு தடவைகூட நிறுத்தம் தவறியதில்லை.

நாத்தனாருக்கு போன் போட்டாள்.

"அப்பாவை பன்னிரண்டு மணிக்கே ஏத்திவிட்டுட்டேனே அண்ணி!"

கை கழுவக்கூட இல்லை. ஆட்டோ பிடித்து பஸ் போகிற வழியெல்லாம் இரண்டு பக்கமும் தேடிக்கொண்டே போனாள். காய்கறிக் கடை, மேம்பாலத்துக்கு அடி, ஆஸ்பத்திரி வாசல்... எங்கும் இல்லை.

கடைசி நிறுத்தம். டீக்கடை பெஞ்சில் மாமனார் பன்னை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அதே கண்டக்டர்.

"மாமா!"

"வாம்மா வா. டீ சாப்பிடறியா?"

போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் கண்டக்டர் மேல் பாய்ந்தாள்.

"வயசானவரை இவ்வளவு தூரம் கொண்டு வந்திருக்கீங்களே! நிறுத்தம் பேரைச் சொல்லி இறக்கிவிட முடியாதா?"

"சொன்னேனேம்மா. புதுப் பேரைத்தான் சொன்னேன். அதான் இவர் இறங்கல."

அவள் மாமனார் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நான் இந்தப் பக்கத்து ஆளே இல்லம்மா. இந்த ரூட்டுக்கு வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது. வந்த புதுசுல ஒருநாள் இவர் இங்க வந்து முழிச்சிட்டு நின்னாரு. எங்க போகணும்னா, மாட்டுச்சந்தைங்கறாரு. அந்தப் பேரு மட்டும்தான் மனசுல நிக்குது. எந்த ட்ரிப்ல வருவாரு, கூட்டத்துல எங்க இருப்பாருன்னு தெரியாதே! அதனால எல்லா ட்ரிப்லயும் அந்தப் பேரையே கத்திக்கிட்டிருந்தேன். யாரோ மேல எழுதிப் போட்டுட்டாங்க, மெமோ கொடுத்துட்டாங்க. இன்னிக்கு இவர் ஏறினதை நான் கவனிக்கல. இங்க வந்துதான் பார்த்தேன். வீட்டு நம்பரும் தெரியல. அடுத்த ட்ரிப்ல நானே இறக்கிவிடலாம்னு உட்கார வச்சேன். அதுவரைக்கும் வயிறு காயக்கூடாதேன்னு பன்னு."

'யாரோ' பர்ஸைத் திறந்து டீக்கும் பன்னுக்கும் காசு கொடுத்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். பாதி வழியில் ஏறிய கல்யாணப் பெண் இவளைப் பார்த்துக் கையசைத்தாள்.

நிறுத்தம் வந்தது. கண்டக்டர் புதுப் பேரைச் சொன்னார். மாமனார் பாட்டுக்கு ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

"மாட்டுச்சந்தை எல்லாம் இறங்கு!"

மாமனார் பட்டென்று எழுந்தார். படியில் இறங்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"ஏம்மா, நீயும் மாட்டுச்சந்தைதானா?"

"ஆமா மாமா" என்றாள், கல்யாணப் பெண்ணுக்கும் கேட்கிற மாதிரி. "மாட்டுச்சந்தையேதான்."