ஒரு பாலித்தீன் பை

குழந்தையைத் துடைக்கவில்லை. துணியில் சுற்றவும் இல்லை.

ஈரத்தோடு தூக்கி ஒரு பாலித்தீன் பைக்குள் இறக்கினார் நர்ஸ்.

பிரசவக் கட்டிலில் கிடந்தபடி மாரிக்கனி அதைப் பார்த்தாள். ஏழாம் மாதமே வந்துவிட்ட பிள்ளை. அழுகைச் சத்தம் இல்லை.

போன மழைக்காலத்தில், தேயிலைத் தோட்டத்தில் யானை மிதித்துச் செத்த கங்காணியை இப்படித்தான் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

"முடிஞ்சிருச்சா சிஸ்டர்?"

நர்ஸ் டெய்சி ராணி சட்டென்று திரும்பினார்.

"என்ன பேச்சு இது மாரிக்கனி? மூச்சு விடுறா பாரு. பொம்பளப் பிள்ள. இத்தனூண்டு ஒடம்புல ஈரம் காஞ்சா சூடும் கூடவே போயிரும். இந்தப் பை ரெண்டையும் விடாது."

தலை மட்டும் பைக்கு வெளியே இருந்தது. அதில் ஒரு குட்டிக் குல்லா.

மாரிக்கனிக்குப் பிடிபட்டது. மழையில் கொழுந்து கிள்ளும்போது அவள் மேலே கட்டிக்கொள்வதும் பாலித்தீன்தான். வெளியே ஊற்றும். உள்ளே வேர்க்கும்.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இவ்வளவு சிறிய பிள்ளையை வைத்துப் பார்க்க வசதி இல்லை. பொள்ளாச்சிக்குத்தான் போக வேண்டும்.

ஆம்புலன்ஸ் மலை இறங்கியது.

ஜன்னல் இடுக்கில் பனிக்காற்று சீறியது. டெய்சி ராணி தன் ஸ்வெட்டரைக் கழற்றி மாரிக்கனியின் போர்வைக்கு மேல் போட்டார். ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டார். மறு கையால் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

வளைவுக்கு வளைவு மாரிக்கனி பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடி போல இருந்த பை மெல்ல மங்கியது. உள்பக்கம் பொடிப்பொடியாய் நீர் பூத்தது.

அதற்குப் பின்னே ஒரு கால் அசைந்தது.

எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அவள் அந்தப் பையைக் கும்பிட்டாள்.

பொள்ளாச்சியில் டாக்டரம்மா பைக்குள் விரல்விட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"அட, கதகதன்னு இருக்காளே!"

பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே விரைந்தார். கதவு மூடுவதற்குள் ஓர் அழுகை கேட்டது. சின்னதாக, கோபமாக.

டெய்சி ராணி சிரித்தார். சிரிக்கும்போது அவர் பற்கள் தந்தியடித்தன.

மாரிக்கனி அப்போதுதான் அவரை முழுதாகப் பார்த்தாள்.

கம்பியைப் பிடித்து வந்த அந்தக் கையைத் தொட்டாள். ஐஸ் மாதிரி இருந்தது.

இரண்டு கைகளாலும் பொத்தி, அதைத் தன் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.